சீகிரியாவிலிருந்து சீனத்துக்கு



நமது மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவை ஆர்தர் சி. கிளார்க் 1979இல் ஒரு விஞ்ஞான நாவலுக்குள் கொண்டுபோனார். 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்பது அதன் பெயர். சீகிரியாவின் மன்னன் காசியப்பன் அதில் காளிதாசன் ஆனான். விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுவதற்காக இந்தத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, பூமத்திய ரேகையில் வைத்தார்.

சீனாவின் ஷான்சி மாகாணத்து மின்நிலையமொன்றில் பொறியியலாளராக இருந்த லியூ சிசின், தன்னை எழுதத் தூண்டியவர் இதே கிளார்க்தான் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய 'த்ரீ பொடி ப்ராப்ளம்' 2008இல் நூலானது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்தது. அடுத்த ஆண்டே ஹியூகோ விருது.

ஆங்கில நூல் 1967இல், சீனாவின் கலாசாரப் புரட்சியில் தொடங்குகிறது. பௌதிகப் பேராசிரியர் ஒருவரை மேடையில் நிறுத்தி அடித்தே கொல்கிறார்கள். மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். சீன நூலில் இந்தக் காட்சி நடுவில்தான் இருந்தது. ஆசிரியரின் சம்மதத்தோடு மொழிபெயர்ப்பாளர் அதை முன்னே கொண்டுவந்தார்.

அதை வாசிக்கும் ஈழத்துத் தமிழருக்கு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வராமல் இராது. வரட்டும். ஆனால் உடனே "இது நம் கதைதான்" என்று சொல்லிவிடாதீர்கள்! இதை வற்புறுத்தத்தான் மேடை ஏறினேன். நம் நூலகத்தை எரித்தவர்கள் நம் பிள்ளைகள் அல்லர். அங்கே அடிப்பவர்கள் மாணவிகள். மனைவியே மேடையேறிக் கணவனைக் குற்றஞ்சாட்டுகிறாள். வீட்டுக்குள்ளேயே மனிதர் மீது நம்பிக்கை செத்ததால்தான், அந்த மகள் பின்னாளில் வேற்றுக்கிரகத்தாரைப் பூமிக்கு அழைக்கிறாள். நம் துயரத்தை அதன்மேல் போர்த்தினால் இந்த முடிச்சு மறைந்துவிடும். நாம் அந்தப் பண்பாட்டுக்கு வெளியாட்கள். வெளியாளாகவே நின்று, அடிக்குறிப்புகளைப் படித்து, சீன வரலாற்று நூலொன்றையும் பக்கத்தில் வைத்து, பொறுமையாக வாசிப்போம்.

இன்னொரு விண்ணப்பம். பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன், சீனத்தின் மிகப் பழைய கவித்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழுக்குக் கொண்டுவந்தார். விஞ்ஞானப் புனைகதைக்கும் அப்படியொருவர் வேண்டும். சீன மொழி படிக்கும் பிள்ளைகள் இன்று இலங்கையிலும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் ஒருவர் இருந்தால், தம்பி, தங்கச்சி, லியூ சிசினின் ஒரு சிறுகதையை எடுத்து வேலையைத் தொடங்குங்கள். வாசிக்க நாங்கள் இருக்கிறோம்.