நிமிடத்திற்கு 60 சொற்கள்: எந்த மொழியின் அளவுகோல்?

(திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மூன்றாம் வகுப்பை முடிக்கும் குழந்தை, முன்பின் அறியாத ஒரு பகுதியை நிமிடத்திற்கு 60 சொற்கள் என்ற வேகத்தில் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும். ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம் நிர்ணயித்த இலக்கு இது. 2026-27க்குள் நாடு முழுவதும் இதை எட்ட வேண்டும் என்பது அறிவிப்பு. இலக்கு வைப்பதில் தவறில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்புக்கு வகுப்பு ஏற்றிவிடுவது உழைக்கும் மக்களுக்கு இழைக்கும் துரோகம். ஆனால் இந்த 60 எந்த மொழியின் 60 என்று கேட்காமல் அதை ஏற்க முடியாது.

இந்தியில் ‘கர் ஸே பீ’ என்பது மூன்று சொற்கள். தமிழில் ‘வீட்டிலிருந்தும்’ என்பது ஒரே சொல். மலையாளத்திலும் ‘வீட்டில்நின்னும்’ என்று ஒரே சொல்தான். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் பெயரோடும் வினையோடும் ஒட்டி நிற்கும் மொழிகளில் ஒரு சொல்லை வாசிப்பதென்பது, பிற மொழிகளில் இரண்டு மூன்று சொற்களை வாசிப்பதற்குச் சமம். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லின் முன் எட்டு வயதுக் குழந்தையை நிறுத்தி, கையில் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டால் யார் தோற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது கட்சி மேடையின் வாதம் மட்டுமல்ல. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2022 மார்ச்சில் ஏறத்தாழ 86,000 மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் அடிப்படைக் கற்றல் ஆய்வை நடத்தியது. அதில் 20 மொழிகளுக்கும் தனித்தனியாகவே வாசிப்பு அளவுகோல்களை வகுக்க வேண்டியிருந்தது. எழுத்தும் ஒரு காரணம். கன்னடம் கற்கும் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய்யும் கூட்டெழுத்தும் கொண்ட எழுத்துமுறையைக் கைக்கொள்ளக் குழந்தைகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கைவிட நெடுங்காலம் தேவைப்படுகிறது என்று காட்டியது. தமிழில் கூட்டெழுத்து இல்லை என்றாலும் உயிர்மெய் 216 உண்டு. மலையாளத்திலோ கூட்டெழுத்துகளின் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்தது முதலாளித்துவ ஊடகங்கள் கொண்டாடும் அசர் அறிக்கை. பிரதம் நிறுவனம் ஊரகக் குடும்பங்களுக்கே சென்று எடுக்கும் கணக்கு இது. திருவனந்தபுரம் நகரம் இதில் வராது. எழுத்து, சொல், நான்கு வாக்கியப் பத்தி, அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறுகதை என்று படிப்படியாகச் சோதிக்கிறார்கள். அந்தக் கதையை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2022இல் தமிழ்நாட்டில் 4.8 சதவீதம், நாடு முழுவதும் 20.5 சதவீதம். இந்திக் கதையையும் தமிழ்க் கதையையும் ஒரே தராசில் நிறுத்துவது அறிவியல் அல்ல.

ஆனால் ஒரே மொழியை அதே மொழியோடு ஒப்பிடலாம். கேரளத்தில் 2018இல் 52.1 சதவீதமாக இருந்தது 2022இல் 38.7 சதவீதமாகச் சரிந்தது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததே முதன்மைக் காரணம். அகில இந்தியச் சராசரியைவிட மேலே இருக்கிறோம் என்ற பெருமிதத்தால் இந்தச் சரிவை மறைத்துவிட முடியாது. பத்தில் ஆறு குழந்தைகளால் அந்தக் கதையை வாசிக்க முடியவில்லை. 2023 இறுதியில் கேரளப் பொதுக்கல்வித் துறையின் உயர் அதிகாரி ஒருவர், எழுத்தறியாதவர்களும் பத்தாம் வகுப்பில் ஏ பிளஸ் பெறுகிறார்கள் என்று பேசிய குரல் பதிவு வெளியானது. அது அரசின் கருத்தல்ல என்றார் அமைச்சர். இருக்கலாம். ஆயினும் பத்தாம் வகுப்பில் வெளிப்படும் குறை அங்கே பிறந்ததல்ல.

அது எங்கே பிறந்தது என்பதில் கேரளத்திற்குள்ளேயே நீண்ட சர்ச்சை உண்டு. உலக வங்கிக் கடனுதவியுடன் 1990களில் வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் காலத்திலிருந்து, எழுத்துகளை வரிசையாகக் கற்பிக்கும் முறை பின்தள்ளப்பட்டது. கருத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து எழுத்துக்கும் செல்லும் முறை வந்தது. பாடநூலிலிருந்து நெடுங்கணக்கே மறைந்தது. எழுத்தாளர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2022இல்தான் அது பாடநூலுக்குத் திரும்பியது. பொருளற்ற மனப்பாடத்தை எதிர்த்தது சரி. எழுத்தையே தள்ளிவைத்ததுதான் பிழை. படித்த பெற்றோரின் பிள்ளை வீட்டில் எழுத்தைக் கற்றுக்கொண்டது. சுமைதூக்கும் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

முதல் வகுப்பில் அறிமுகமான ‘கூட்டு நாட்குறிப்பு’ இந்த இடைவெளியை ஓரளவு தொடுகிறது. குழந்தை அறிந்த எழுத்தைப் பென்சிலால் எழுதும். அறியாததைத் தாயோ தந்தையோ பேனாவால் நிரப்புவார்கள். நாளடைவில் பேனா குறைந்து பென்சில் கூட வேண்டும். அழகான யோசனை. ஆனால் விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் இடுக்கித் தோட்டத் தாய், இரவில் எந்தப் பேனாவைப் பிடிப்பார்? அந்தப் பேனாவைப் பிடிக்க நூலகமும் வாசகசாலையும் வர வேண்டும். பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் தொடங்கிவைத்த நூலக இயக்கம் கேரளத்தின் ஊர்தோறும் இருக்கிறது. ஜூன் 19 வாசிப்பு தினத்தன்று மாலையிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை.

அப்படியானால் எதை எதிர்பார்ப்பது? முதல் வகுப்பின் முடிவில் அடிக்கடி வரும் எழுத்துகளையும் சிறு சொற்களையும் குழந்தை தயங்கியேனும் வாசிக்கட்டும். இரண்டாம் வகுப்பில் சிறு வாக்கியங்கள் வர வேண்டும். மூன்றாம் வகுப்பின் முடிவில் புதிய சிறுகதை ஒன்றை மெதுவாக வாசித்து, அதில் என்ன நடந்தது என்று தன் சொல்லில் சொல்ல வேண்டும். மெதுவாக வாசிப்பது குற்றமல்ல. அந்த வகுப்பிலும் எழுத்து தெரியாமல் இருப்பதுதான் அவசரநிலை. அத்தகைய குழந்தைக்குத் தனிக் கவனம் தர வட்டார வள மையங்களில் ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு ஊதியம் வேண்டும். அந்த ஊதியத்திற்கான சமக்ர சிக்ஷா நிதியைத்தான், பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்காக ஒன்றிய அரசு தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டிற்கு மட்டும் 2,152 கோடி ரூபாய். இலக்கை விதிப்பவர்களே கருவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சாலை, இடுக்கி, பாலக்காட்டுத் தமிழ்வழிப் பள்ளிகளின் குழந்தைகள் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கிறார்கள், மலையாளமும் கற்கிறார்கள். மூன்றாம் வகுப்பிற்குள் இரண்டு எழுத்துமுறைகளைச் சுமக்கும் இக்குழந்தைகளை மலையாளவழிக் குழந்தைக்கான அளவுகோலாலோ சென்னைக் குழந்தைக்கான அளவுகோலாலோ அளக்கக் கூடாது. அவர்களுக்கெனத் தனி எதிர்பார்ப்பை, தமிழாசிரியர்களை உடன்வைத்து வகுத்துத் தர வேண்டிய மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இதே நகரில், பூஜப்புரையில்தான் இருக்கிறது. ஆசிரியர் சங்கமும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் உள்ள தோழர்களும் இந்தக் கோரிக்கையை எழுதி, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அங்கே கொண்டுசேர்க்க வேண்டும்.