ராத்திரி மட்டும் ஃபெயில் ஆகுற டெஸ்ட்

இன்னைக்கு எபிசோட் டெஸ்ட் சர்வர் பத்தி. ஓப்பன் சோர்ஸ் வெப் ப்ராஜெக்ட் ஒண்ணு வச்சிருக்கீங்க, யாராவது கோட் அனுப்பினா அது தானா டெஸ்ட் ஆகணும். அதுக்கு என்ன பண்ணணும்னு சொல்றேன். கூடவே நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லப் போறேன். அதைச் சொல்லத்தான் இந்த எபிசோடே.

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 2004ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல கோசுகே கவாகுச்சின்னு ஒரு இன்ஜினியர். அவர் போடுற கோட் அடிக்கடி பில்டை உடைச்சிடும். கூட வேலை பார்க்கிறவங்க வந்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே கண்டுபிடிச்சிடணும்னு ஒரு ப்ரோகிராம் எழுதினார். அதுதான் ஹட்சன். அப்புறம் ஆரக்கிளோட பேர் விஷயத்துல தகராறு வந்து, 2011ல ஜென்கின்ஸ்னு பேர் மாறிச்சு. இன்னைக்கும் எத்தனையோ கம்பெனில ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம தப்பை அடுத்தவங்க பார்க்கிறதுக்குள்ள நாமளே பார்த்துக்கணும், அவ்வளவுதான் ஐடியா.

இப்ப நம்ம கதை. நாங்க ஆறு பேர் சேர்ந்து சின்ன நூலகங்களுக்கான ஒரு சாஃப்ட்வேர் பண்றோம். புத்தகம் எடுக்கிறது, புதுப்பிக்கிறது, தாமதமானா அபராதம் போடுறது எல்லாம் அதுல நடக்கும். ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ். டெஸ்ட் சர்வர் போடுற பொறுப்பு என் தலைல விழுந்துச்சு.

முதல்ல என்னோட 4 ஜிபி விபிஎஸ்லயே ரன்னர் போட்டேன். ரெண்டே நாள்ல கழட்டிட்டேன். ஏன்னா பப்ளிக் ப்ராஜெக்ட்ல யார் வேணாலும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அதை டெஸ்ட் பண்றதுன்னா, முகம் தெரியாத ஒருத்தர் எழுதின கோடை என் மெஷின்ல ஓட விடுறதுன்னு அர்த்தம். பப்ளிக் ப்ராஜெக்ட்டுக்கு சொந்த ரன்னர் வேண்டாம்னு கிட்ஹப்பே சொல்லுது. புல் ரிக்வெஸ்ட் வழியா கிரிப்டோ மைனர் ஓட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம்தான் 2021ல, முதல் தடவை அனுப்புறவங்க கோட் ஓடணும்னா மெயின்டெய்னர் ஓகே சொல்லணும்ங்கிற ரூல் வந்துச்சு. எங்க ப்ராஜெக்ட்ல வர்றவங்க காத்திருக்கக் கூடாதுன்னு அந்த ரூலைத் தளர்த்தி வச்சிருந்தோம். இது அப்புறம் கதைல வரும்.

ஆக, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கே மாறினோம். பப்ளிக் ப்ராஜெக்ட்டுக்கு அதோட சாதாரண ரன்னர் இலவசம். ஒவ்வொரு தடவையும் புது மெஷின், புது டேட்டாபேஸ். மைக்ரேஷன் ஓடும், டெஸ்ட் ஓடும், பச்சை டிக் இல்லன்னா சிவப்பு பெருக்கல் குறி. ஒரு டிப்ஸ்: டெஸ்ட் ஓட்டுற கட்டளை எல்லாத்தையும் உங்க ரெப்போவுக்குள்ளயே ஒரு ஸ்கிரிப்ட்ல வைங்க. ட்ராவிஸ் சிஐ 2020 நவம்பர்ல கட்டண முறைய மாத்தினப்போ நிறைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் மூட்டை கட்ட வேண்டியதாச்சு. ஸ்கிரிப்ட் தனியா இருந்தா வீடு மாறுறது சுலபம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் அப்பப்ப சிவக்கும். "புத்தகத்தைப் புதுப்பிச்சா இன்னையிலேருந்து 14 நாள்" அப்படிங்கிற டெஸ்ட். எங்க எல்லாருக்கும் பகல்ல வேலை, ராத்திரிதான் கோட் போடுவோம். ராத்திரி சிவக்கும், காலைல ரீ-ரன் அடிச்சா பச்சை. "ஃப்ளேக்கி டெஸ்ட் மச்சி, கண்டுக்காத" அப்படின்னு விட்டுட்டோம். நாலு மாசம் இப்படியே ஓட்டினோம். சிவப்பு வந்தா படிக்கவே மாட்டோம், ரீ-ரன் பட்டன்தான்.

ஒரு நாள் காலேஜ் படிக்கிற பொண்ணு ஒருத்தங்ககிட்டேருந்து புல் ரிக்வெஸ்ட். அவங்க வாழ்க்கைல முதல் புல் ரிக்வெஸ்ட்டாம். தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல்ல ஒரு ஒற்றுப்பிழை, அதைத் திருத்தியிருந்தாங்க. ஒரே எழுத்து. அனுப்பின நேரம் ராத்திரி 1:10. சிவப்பு வந்துச்சு. ரீ-ரன் பண்ற அனுமதி அவங்களுக்குக் கிடையாது. ஃபைலை சேவ் பண்ணினதுல தப்போன்னு மறுபடி அனுப்பினாங்க. சிவப்பு. திருத்தினதையே பழையபடி மாத்திப் பார்த்தாங்க. அப்பவும் சிவப்பு. 2:30க்கு அவங்களே மூடிட்டாங்க. "ஸாரி அண்ணா, நான் எதையோ உடைச்சிட்டேன் போல" அப்படின்னு ஒரு கமென்ட்.

நாங்க ஆறு பேரும் தூங்கிக்கிட்டு இருந்தோம். அவங்ககிட்ட எங்க சார்பா பேசினது அந்த சர்வர் மட்டும்தான். அது அவங்களைப் பார்த்து, நீ தப்பு பண்ணிட்டேன்னு மூணு தடவை சொல்லியிருக்கு.

காலைல அதைப் படிச்சிட்டு அன்னைக்கு ஆபீஸுக்கு லீவ் போட்டேன். நாலு மாச லாக் எடுத்து, ஃபெயில் ஆன நேரத்தை மட்டும் ஒரு ஷீட்ல போட்டேன். எல்லாமே ராத்திரி 12:00லேருந்து 5:30க்குள்ள. 5:30ன்னு பார்த்ததும் உங்களுக்கும் புரிஞ்சிருக்கும். நம்ம நேரம் யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. ஜாங்கோவில டைம்சோன் செட்டிங் ஆன் பண்ணியிருந்தா, டைம்சோன்.நவ் யூடிசில பதில் சொல்லும். அதுலேருந்து தேதிய மட்டும் எடுத்தா, நமக்கு 12ஆம் தேதி பிறந்த பிறகும் 5:30 வரைக்கும் 11ன்னுதான் வரும். டெஸ்ட் எதிர்பார்த்தது 26ஆம் தேதி, எங்க கோட் கொடுத்தது 25.

இப்ப யோசிச்சுப் பாருங்க. டெஸ்ட் சரியாத்தான் சொல்லியிருக்கு. நள்ளிரவுக்கு மேல ஆன்லைன்ல புத்தகம் புதுப்பிச்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் கம்மி. சில பேர் ஒரு நாள் அபராதமும் கட்டியிருப்பாங்க. "நான் சரியான தேதிக்குத்தானே கொண்டு வந்தேன்"னு நூலகர்கிட்ட வாதாடியிருப்பாங்க. நாலு மாசமா சர்வர் கத்திக்கிட்டே இருந்திருக்கு, நாங்க அதுக்கு ஃப்ளேக்கின்னு பட்டப்பேர் வச்சுட்டோம்.

திருத்தம் ஒரே வரி. டைம்சோன்.நவ் எடுத்துட்டு டைம்சோன்.லோக்கல்டேட் போட்டேன். அதோட ஃப்ரீஸ்கன் லைப்ரரி வச்சு கடிகாரத்தை ராத்திரி 12:15ல நிறுத்தி ஒரு புது டெஸ்ட். தினமும் ராத்திரி 1 மணிக்கு முழு டெஸ்ட்டும் தானா ஓடும். கிட்ஹப் கிரான் கணக்கு சாதாரணமா யூடிசி, அதனால அங்க 19:30ன்னு போடணும், மறந்துடாதீங்க. காரணம் எழுதி ஒரு இஷ்யூ திறக்காம யாரும் ரீ-ரன் அடிக்கக் கூடாதுன்னும் முடிவு பண்ணினோம். முதல் தடவை வர்றவங்க டெஸ்ட் ஃபெயில் ஆனா, "இது எங்க பக்கத் தப்பாவும் இருக்கலாம், கொஞ்சம் காத்திருங்க, ஒருத்தர் வந்து பார்ப்போம்"னு ஒரு பாட் தமிழ்ல சொல்லும்.

அந்தப் பொண்ணோட முதல் திருத்தத்தை அவங்க பேர்லயே மெர்ஜ் பண்ணினேன். தப்பு எங்களோடதுன்னு விளக்கமா எழுதி மன்னிப்பும் கேட்டேன். இதுவரைக்கும் பதில் வரல. எங்கயாவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா: நீங்க எதையும் உடைக்கலம்மா. அந்த ஒற்று இப்ப சரியா இருக்கு.

உங்க ப்ராஜெக்ட்லயும் "அது அப்படித்தான் சிவக்கும்"னு ஒரு டெஸ்ட் இருக்கும். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அது எப்பெப்ப ஃபெயில் ஆச்சுன்னு நேரத்தை மட்டும் வரிசையா எழுதிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.