மாவுக்கட்டுக்குச் சிரிக்கிறோமா?

(ஒரகடம் திரையிடலில் பேசியது)



இப்போது பார்த்த 'மா ரோசா', பிரிலாந்தே மெண்டோசா இயக்கி 2016இல் வந்த பிலிப்பைன்ஸ் படம். பெட்டிக்கடையில் போதைப்பொருளும் விற்கும் ரோசாவைப் பிடித்த போலீஸ், வழக்குப் போடாமல் விலை பேசுகிறது. பிள்ளைகள் காசு தேடி அலைகிறார்கள். அதே ஆண்டு டுடெர்டே அதிபரானார். காசு வாங்கிய கைக்கே சுடவும் அனுமதி கிடைத்தது. போதை ஒழிப்பில் 6,000க்கும் மேற்பட்டோர் செத்ததாகப் போலீஸ் கணக்கே சொல்கிறது. பெரும்பாலோர் ஏழைகள்.

நம் 'விசாரணை'யும் 2016இல்தான் திரைக்கு வந்தது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் பட்ட அடியில் பிறந்த கதை. பிழைக்கப் போன ஊரில் மொழி தெரியாது, கேட்க நாதியில்லை. அதுவே குற்றமானது.

இங்கே அந்த இடத்தில் இருப்பவர்கள் யார்? ஒரே அறையில் ஷிப்டு மாற்றிப் படுக்கும் பீகார், ஒடிசா தோழர்கள். சங்கிலி பறிப்பு நடந்தால் சந்தேகம் சேரிப் பையன்மேல் விழும், இல்லையென்றால் அவர்கள்மேல்.

'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று மாவுக்கட்டுப் படம் வந்தால் நம்மவர்களும் சிரிக்கிறார்கள். என்கவுண்டருக்குக் கைதட்டுகிறார்கள். ஒவ்வொரு என்கவுண்டர் சாவுக்கும் எஃப்.ஐ.ஆர்., சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதட்டும் ஊரில் அதை யார் கேட்பது?

அடுத்த முறை அப்படியொரு படம் வாட்ஸப்பில் வந்தால், எந்தக் கோர்ட் தீர்ப்பு சொன்னது என்று அனுப்பியவரிடமே கேளுங்கள்.