கும்ரி என்னும் குதிரை நோய்

பெங்களூரிலிருந்து மங்களூர்ச் சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் குணிகல் என்னும் ஊரை அடைவோம். திப்பு சுல்தான் காலந்தொட்டுக் குதிரை வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர் அது. மேய்ச்சல் குதிரையை எப்போதாவது தாக்கி, அதன் தசைவலிமையையே பறித்துவிடும் ஒரு நோயைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

நேற்றுவரை நன்றாக மேய்ந்த குதிரை இன்று பின்கால்களை இழுத்து நடக்கும், திரும்பும்போது தள்ளாடும். காய்ச்சல் இராது, தீனியும் குறையாது. நோய் முற்றினால் எழவே இயலாது. இந்நோயைக் கும்ரி என்பர். இடுப்பைக் குறிக்கும் 'கமர்' என்னும் இந்துஸ்தானிச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. இடுப்பில் அடிபட்டதோ என்று ஐயுறுவதும், குதிரைக்காரர்மேல் பழி சுமத்துவதும் எளிது. ஆயினும், பெயர் இடுப்பைச் சுட்டினாலும் நோயின் இருப்பிடம் அதுவன்று.

மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா டிஜிடேட்டா என்னும் புழு வாழ்கிறது. அதனால் மாட்டுக்குப் பெரும்பாலும் துன்பமில்லை. அப்புழுவின் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் உலவுகின்றன. மாட்டைக் கடிக்கும் கொசுவினுள் புகுந்து வளர்ந்து, பின் அக்கொசு குதிரையைக் கடிக்கையில் அதன் உடலை அடைகின்றன. தமக்கு உரிய இடம் அதுவன்றாகையால் வழிதவறித் திரிந்து, சில வேளை தண்டுவடத்துள் நுழைந்து நரம்புகளைச் சிதைக்கின்றன. தசை சோர்வதற்கு அதுவே காரணம். ஜப்பானில் ஆடுகளிடமும் குதிரைகளிடமும் இவ்வுண்மை கண்டறியப்பட்டது. இலங்கைக் குதிரைகளின் கும்ரியும் இதுவே என 1955இல் இன்னஸ், பிள்ளை ஆகிய இருவர் எடுத்துக்காட்டினர்.

சிதைந்த நரம்பு மீண்டும் முளைப்பது அரிது. ஆகவே தள்ளாட்டம் தோன்றிய அன்றே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். பெங்களூர் ஹெப்பாளில் 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. மனிதரின் யானைக்கால் நோய்க்கு வழங்கும் டைஎதில்கார்பமசீன் இதற்கும் பயன்பட்டு வந்துள்ளது. அதனை மருத்துவரே தருதல் வேண்டும். வெறிநோயும் இவ்வாறே தள்ளாட்டத்துடன் தொடங்கக்கூடும்; ஆதலின் அவர் வருமுன் குதிரையின் வாயில் கைவைத்தல் ஆகாது.

வருமுன் காத்தலே சிறந்தது. மாட்டுக் கொட்டிலையும் குதிரை லாயத்தையும் விலக்கி அமைப்போம். தேங்கிய நீரை வடிப்போம். அந்தி முதல் விடியும்வரை லாயத்துக்கு வலையிடுவோம். மாட்டின்மீது குற்றமில்லை, குதிரைக்காரர்மீதும் குற்றமில்லை. இரண்டு கொட்டில்களுக்கும் இடையே பறக்கும் கொசுவைத் தடுப்பதே நம் கடமையாம்.