குடலிறக்க அறுவைக்குப் பின் நம் மகளிர் நலம்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக்கென எழுந்த சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தன் உடலை அறிதலும் கல்வியே. அவ்வறிவு எட்டாமையால் நம் தாய்மார் வாய்விட்டுக் கூறாது சுமந்து திரியும் நோய் ஒன்று உண்டு. அது தொடையிடுக்கில் தோன்றும் குடலிறக்கம்.

இஃது ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆடவர்க்கு மிகுதி என்பது மெய். ஆயினும் பெண்டிர்க்கும் வரும். தொடைக்கு இரத்தக் குழாய் இறங்கும் குறுகிய வழியே குடல் பிதுங்கும் வகை, ஆடவரினும் பெண்டிரிடையே மிகுதி. அங்கே குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றால் உயிர்க்கே கேடு. வீக்கம் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் கண்டால் அந்நேரமே மருத்துவமனை சேர்தல் வேண்டும். "நெறி கட்டியிருக்கிறது" என்று பற்றுப் போட்டு மறைத்தல் ஆகாது.

பெண்டிர்க்குக் காலந்தாழ்த்தாது அறுவை செய்தலே தக்கது என்று 2018-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அரசு மருத்துவமனைகளில் இதனைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

அறுவையோடு கடமை முடிவதில்லை. படுத்தே கிடத்தல் வேண்டுவதில்லை. அன்றோ மறுநாளோ எழுந்து நடத்தல் நன்று. சிறு வேலைகளைச் சில நாளில் தொடங்கலாம். ஆனால் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, சித்தாள் வேலையின் கல்லும் மண்ணும் ஆகியவற்றை மருத்துவர் இசையும் வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை, தொடலாகாது. கீரையும் பழமும் நீரும் மிகுதியாக உட்கொண்டு மலச்சிக்கலைத் தவிர்க்க வேண்டும். நீங்காத இருமலுக்கு மருந்துண்ண வேண்டும். பின்னர்க் கருவுறுதற்கு இவ்வறுவை தடையன்று.

இன்னொன்றை அழுத்திக் கூறுகிறோம். அறுவை செய்துகொண்டோரில் 100-க்கு 10 பேர் அளவில், 3 மாதங் கடந்தும் அன்றாட வாழ்வைத் தடுக்கும் வலி நீடிக்கிறது. பெண்டிர்க்கு இது நேரும் வாய்ப்பு மிகுதி. நரம்பு புண்படுவதாலும் வலையிலோ தழும்பிலோ சிக்குவதாலும் இவ்வலி உண்டாகலாம். மருந்தும் ஊசியும் உள்ளன. மீண்டும் வீக்கம் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஆறு மாதமாகியும் வலியா? வேலைக்கு அஞ்சிய சோம்பல்!" என்று ஏசுதல் அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். உழைக்கும் பெண்ணின் ஓய்வு பிறர் இடும் பிச்சையன்று, அவள் உரிமை என்பதை நாம் அதனின்று கற்றோம். அந்த உரிமையை முதலில் நம் வீட்டினுள் வழங்குவோம்.

இளைஞர்களே! அன்னையோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீடு திரும்புகையில் தரும் சீட்டை அவர் செவியுறப் படித்துக் காட்டுங்கள். அந்த ஆறு வாரமும் அவர் குடத்தை நீங்கள் சுமப்பதில் இழிவு யாதுமில்லை. நீங்கள் கற்ற கல்வி அவர் சுமந்த சுமையால் வந்ததன்றோ!