ஓட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடு!

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின் வரிசையில் "எப்போ சாப்பாடு?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய மாணவக் கண்மணிகளே!

வரலாறு படித்தவனைப் பேசச் சொன்னால் என்ன செய்வான்? ஒரு கதை சொல்வான். நான் சொல்லப் போவது நடந்த கதை. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்கர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

டென்னசி மாநிலத்தில் மக்மின் கவுண்டி என்று ஒன்று. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகர் ஏதென்ஸ். ஆமாம், கிரேக்க நாட்டு ஏதென்ஸின் பெயர்தான்! மக்களாட்சி பிறந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டு அங்கே என்ன நடந்தது தெரியுமா?

அங்கே ஷெரீப் என்பவர் போலீஸ் அதிகாரி. ஆனால் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். 1936இல் பால் கான்ட்ரெல் என்பவர் ஷெரீப் ஆனார். பிறகு அவர் மாநில செனட்டுக்குப் போக, அவருடைய ஆள் பாட் மான்ஸ்ஃபீல்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மெம்பிஸ் நகரத்தில் இருந்தபடி மாநில அரசியலையே ஆட்டிவைத்த கிரம்ப் என்பவரின் ஆதரவு இவர்களுக்கு இருந்தது.

இவர்கள் எப்படிப் பணம் பண்ணினார்கள் என்பதுதான் வேடிக்கை. ஷெரீப்புக்கும் அவருடைய ஆட்களுக்கும் வருமானமே கட்டணமாகத்தான் வந்தது. ஒருவரைப் பிடித்தால் கட்டணம், உள்ளே வைத்தால் கட்டணம், வெளியே விட்டாலும் கட்டணம். பிறகு கேட்கணுமா? அந்த வழியாகப் போகிற பஸ்ஸை நிறுத்துவார்கள். தூங்கி வழிகிற பயணியை எழுப்பி, "நீ குடித்திருக்கிறாய், இறங்கு" என்பார்கள். அபராதம் கட்டினால்தான் அடுத்த பஸ். சட்டம் அப்படியே இருந்தது. அதை வைத்துக் கடை நடத்தினார்கள்.

சரி, தேர்தலில் தோற்கடிக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஓட்டுப்பதிவு முடிந்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவார்கள். 1940, 1942, 1944 என்று மூன்று தேர்தல்களைப் பற்றியும் புகார் போய், மத்திய நீதித்துறை விசாரித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

இந்த நிலையில் உலகப் போர் முடிந்தது. சுமார் 3,000 வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அது அந்தக் கவுண்டியின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சர்வாதிகாரத்தை எதிர்த்துக் கடல் கடந்து சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை, சொந்த ஊர் ஷெரீப்பின் ஆட்கள் பிடித்து அபராதம் போட்டார்கள். பொறுப்பார்களா?

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதலில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. ஒரு கட்சி சாராத அணி அமைத்தார்கள். மூன்று ரிபப்ளிகன், இரண்டு டெமாக்ரட் வேட்பாளர்கள். ஷெரீப் பதவிக்கு வட ஆப்பிரிக்காவில் போரிட்ட நாக்ஸ் ஹென்றி. எதிரே மீண்டும் கான்ட்ரெல். வீரர்கள் தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: நீங்கள் போட்ட ஓட்டு, போட்டபடியே எண்ணப்படும். கண்காணிப்பாளர்களை அனுப்பும்படி 159 பேர் கையெழுத்திட்டு எஃப்.பி.ஐ.க்கு மனுப் போட்டார்கள். பதிலே இல்லை.

ஆகஸ்ட் 1, வாக்குப்பதிவு நாள். வெளியூரிலிருந்து வரவழைத்தவர்களையும் சேர்த்து சுமார் 200 ஆயுதம் தாங்கிய ஆட்கள் சாவடிகளில் நின்றார்கள். வீரர்களின் பூத் ஏஜெண்டுகளைப் பிடித்து அடைத்தார்கள். டாம் கில்லெஸ்பி என்ற வயதான கறுப்பின விவசாயி ஓட்டுப் போட வந்தார். அவரை அடித்து, முதுகில் சுட்டார்கள். நல்ல வேளை, உயிர் பிழைத்தார்.

மாலையில் பெட்டிகள் சிறைச்சாலைக்குள் போய்விட்டன. வீரர்கள் நேஷனல் கார்டு ஆயுதக் கிடங்கைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள். குவாடல்கனாலில் போரிட்ட பில் ஒயிட் முன்னே நின்றார். சிறையைச் சுற்றி வளைத்து, "பெட்டிகளைக் கொடு" என்றார்கள். உள்ளே சுமார் 50 பேர். இரவு முழுக்கச் சண்டை. விடியுமுன் டைனமைட் வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பலருக்குக் காயம், ஒருவர்கூடச் சாகவில்லை. ஆத்திரம் கொண்ட கூட்டம் கைதிகள் மீது பாய்ந்தபோது, தடுத்துக் காவல் நின்றவர்களும் அந்த வீரர்களே.

ஓட்டு எண்ணப்பட்டது. ஹென்றி ஷெரீப் ஆனார். கட்டண முறை போய், ஆண்டுக்கு 5,000 டாலர் உச்சவரம்பு வந்தது. என்னைக் கேட்டால், டைனமைட்டைவிட இதுதான் பெரிய வெடி! ஊழலின் வேரில் விழுந்தது அதுதான்.

ஆனால் கதையை இங்கே முடித்தால் அது பாதிக் கதை. அதே 1946, பிப்ரவரி மாதம். ஐசக் உடார்ட் என்ற கறுப்பின வீரர், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் அவரை இறக்கி, போலீஸார் அடித்த அடியில் இரண்டு கண்களும் போயின. அடித்த அதிகாரியை நீதிமன்றம் விடுதலை செய்தது. உடார்டும் அவருடைய தோழர்களும் துப்பாக்கி தூக்கியிருந்தால் ஊர் அவர்களைப் பாராட்டியிருக்குமா? யோசித்துப் பாருங்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஓட்டுக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு 1965இல்தான் வந்தது. அதை வென்று தந்தது துப்பாக்கி அல்ல. நடையாய் நடந்த ஊர்வலங்களும் வழக்குகளும்.

ஏதென்ஸில் உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் அரசியல் நடத்தக் கூடாது. அந்த வீரர்களின் அணியும் நீடிக்கவில்லை. சில மாதங்களிலேயே பூசல் வந்துவிட்டது. ஒரு ராத்திரியில் கோட்டையைப் பிடிக்கலாம். தினமும் ஆபீசுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பதுதான் கஷ்டம்.

அதனால் மாணவர்களே, சுடத் தெரிந்தவர்களை நான் உங்களுக்கு உதாரணம் காட்டவில்லை. கட்சி பார்க்காமல் ஒன்று சேர்ந்தவர்களை, மனு எழுதியவர்களை, சாவடியில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்து அடி வாங்கியவர்களைக் காட்டுகிறேன். ஓட்டுப் போடுவதோடு வேலை முடிவதில்லை. எண்ணி முடிக்கும் வரை ஒருவர் கண் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.