காணாப் பொருளுக்கு முழு விலையா?

(வாழைச்சேனையில் உழவர் பெருமக்களும் தொழில் அறிஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

 

வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச இந்த மேடைதானா கிடைத்தது என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்விளையாட்டுகளை விரும்பி ஆடுகின்றவர்கள். அவற்றை இகழ வந்தோமல்லோம். விளையாட்டு பிள்ளைகளுடையது, ஆனால் பணமோ பெற்றோருடையது. ஆதலால் இது வீட்டுக்கு வீடு பேச வேண்டிய விடயம்.

உலகச் சந்தையில் புதிதாக வெளிவரும் பெரிய விளையாட்டுகள் பலவற்றின் விலை இன்று 70 அமெரிக்க டொலர். டொலர் ஒன்றை 300 ரூபா என்று கொண்டாலும் 21,000 ரூபா ஆகிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபா. கணக்குப் பாருங்கள்: 175 கிலோ நெல்! உழுது, விதைத்து, யானைக்குக் காவலிருந்து, வெள்ளத்துக்கு அஞ்சி விளைவித்த நெல்லின் விலை ஒரு பொத்தானை அழுத்தியவுடன் கடல் கடந்து போய்விடுகிறது. எதற்காக? பெரும்பாலும், இன்னும் செய்து முடியாத ஒரு பொருளுக்காக! இதற்குத்தான் முன்பதிவு என்று பெயர்.

முன்பதிவுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விளையாட்டுகள் பெட்டியிலும் வட்டிலும் அடைத்து விற்கப்பட்ட நாளில், கடைக்கு வந்த படிகள் தீர்ந்துவிட்டால் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருந்தது. இன்றோ இணையவழியே இறக்கிக்கொள்ளும் பொருளுக்குத் தட்டுப்பாடு ஏது? ஆயிரம் பேர் எடுத்தாலும் கோடிப் பேர் எடுத்தாலும் அது குறைவதில்லை. தட்டுப்பாடு போன பின்னும் முன்பதிவு போகவில்லை. முன்னே பணம் கட்டுவோர்க்குச் சிறப்பு உடை, சிறப்பு ஆயுதம், மூன்று நாள் முந்தி ஆடும் சலுகை என்று புதுத் தூண்டில்கள் வந்து சேர்ந்தன.

நமது மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். செவுளைத் தூக்கிப் பாராமல் மீனுக்கு விலை சொல்பவர் உண்டா? எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன சமுதாயம் அல்லவா நாம்?

இங்கே உழவர் ஒருவர் எழுந்து, "விளையுமுன்னே நெல்லுக்கு முற்பணம் வாங்குவது எங்களிடமும் உண்டே, அது தவறா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்த முற்பணத்தின் இயல்பை எண்ணிப் பாருங்கள். பயிர் பொய்த்தால் தன் பணம் முடங்கும் என்பதை வியாபாரி அறிவான். ஆதலால் விலையைக் குறைத்துத்தான் பேசுவான். ஆபத்தைச் சுமப்பவனுக்கு விலையிலே கழிவு கிடைப்பது வணிக நியாயம். வீடியோ விளையாட்டின் முன்பதிவிலோ, ஆபத்தைச் சுமப்பவனும் ஆடுபவனே. முழு விலை கொடுப்பவனும் ஆடுபவனே! வெளிவந்து சில மாதம் கழிந்தபின், பிழை திருத்தப்பட்ட அதே விளையாட்டைப் பாதி விலைக்கு வாங்குகிறான் பொறுமையுள்ளவன். நம்பி முன்னே வந்தவனுக்குத் தண்டனை, காத்திருந்தவனுக்குப் பரிசு! இது என்ன நீதி?

நடந்த கதை ஒன்றைச் சொல்கிறோம். போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை 2012இல் அறிவித்தது. மும்முறை தள்ளிப்போடப்பட்டு, 2020 டிசெம்பர் 10ஆம் நாள் அது வெளிவந்தது. அதற்கு முன்பே 80 இலட்சம் முன்பதிவுகள்! ஆக்கச் செலவும் அவ்வாண்டின் விளம்பரச் செலவும் முன்பதிவு வருவாயிலேயே மீண்டுவிட்டன என்று நிறுவனமே அறிவித்தது. வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கருவிகளில் அது தடுக்கி விழுந்ததை, பணம் கட்டியவர்களே முதலில் கண்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சில நாட்களில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை அகற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. பின்னர் பல திருத்தங்கள் பெற்று, 2023இல் அது பாராட்டத்தக்க விளையாட்டாயிற்று என்பதையும் மறைக்கமாட்டோம். ஆனால் பணம் வந்தது 2020இல். பொருள் முழுமையாக வந்ததோ மூன்று ஆண்டு கழித்து!

அன்பர்களே, இது பணத்தோடு முடியும் கேடல்ல, கலையையும் கெடுக்கிறது. பொருளைக் காணுமுன்னே பணம் வருமென்றால், உழைப்பு பொருளை விட்டு விளம்பரத்துக்குப் போகும். குறித்த நாளே எசமானாகிவிடும். 1982இல் அட்டாரி நிறுவனம் பண்டிகை விற்பனைக்காக 'ஈ.டி.' விளையாட்டை ஏறத்தாழ ஐந்தே வாரத்தில் செய்வித்தது. விற்காத பெட்டிகளில் ஒரு பகுதியை மறு ஆண்டு நியூ மெக்சிகோவில் மண்ணுக்குள் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்தபோது உலகமே கண்டது.

நல்ல விளையாட்டு எப்படி அமையும்? நம் தமிழிலேயே சான்று உண்டு. கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் 'வெண்பா' 2023 யூலையில் வெளிவந்தது. தொரன்ரோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு அதைச் செய்தது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்டலியும் பிட்டும் எப்படி அவிப்பது என்று ஆடுபவரே யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குள்ளே தாயின் ஏக்கமும் மகனின் விலகலும் வந்து நிற்கின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அச்சிறு விளையாட்டு, 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதை முதற்படைப்புக்காகப் பெற்றது. அகலம் பெருமையன்று, ஆழமே பெருமை.

சட்டம் என்ன செய்யலாம்? ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம், ஸ்டீம் என்னும் இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மேல் 2014இல் வழக்குத் தொடுத்தது. 2015 யூனில் ஸ்டீம், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணம் மீளப் பெறலாம் என்று அறிவித்தது. 2016இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 30 இலட்சம் ஆஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. யுபிசொஃப்ட் 2024 மார்ச்சில் 'த குரூ' விளையாட்டின் சேவையகத்தை மூடியபோது, காசு கொடுத்தவர் எவரும் அதை ஆட முடியாமற் போயிற்று. விற்பது உரிமமே, உடைமையன்று என்பதை விற்பனையின்போதே சொல்ல வேண்டும் என்னும் கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதன் காவல் இணையவழிப் பொருள்களுக்கும் ஐயமறச் சென்றடைய வேண்டும். பணம் மீளும் நிபந்தனைகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறோம். இங்கு வீற்றிருக்கும் சட்டத்தரணிகள் இதனை எடுத்துரைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை நம் கையிலே ஒரு கருவி உண்டு. அதுதான் பொறுமை. தம்பிமாரே! விளையாட்டு வெளிவரட்டும், ஆடியவர்கள் குறை நிறை சொல்லட்டும், உங்கள் கருவியில் அது ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு வாங்குங்கள். சிறு குழுவொன்று ஆக்கத்துக்கு உதவி கேட்டால், அதை உதவி என்று அறிந்தே கொடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். தகப்பன் அளந்து விற்ற நெல்லின் காசை, பிள்ளை அளந்து செலவிடுவானாக!